வயது தடையல்ல, வரிசை தவறக்கூடாது!

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கல்லாவில் அமர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கேட்டாலும், கல்வராயன் மலைக்குச் சரக்கேற்றிச் செல்வோரிடம் கேட்டாலும், "வயதாகிவிட்டதே, இனி என்ன படிப்பு?" என்பதுதான் பதில்.

வயது தடையே அல்ல. 1985ல் தோன்றிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நாற்பது வயதுக்காரரையும் சேர்த்துக்கொள்கின்றன. கடையை மூட வேண்டியதுமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை! "பத்தும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், நேராகப் பட்டம்" என்று ஆசை காட்டுவோரிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இளநிலைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை தவறினால் தமிழக அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் உதவாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு இருந்தும் வாசலிலேயே திரும்ப நேரும்!

வழி இதுதான்: முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு. அதற்கான அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்யுங்கள். பிறகு பன்னிரண்டு. அதன் பின்பே பல்கலைக்கழக விண்ணப்பம்.

சில ஆண்டுகள் கூடுதலாகும். ஆனால் உழைப்பு வீணாகாது. இன்றே தொடங்குவோமா?