வளரும் பயிருக்கு எந்த ஊர் நீதிமன்றம்?

2009 ஆகஸ்ட் 21இல் திமோர் கடலிலுள்ள மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்தது. பத்து வாரங்களுக்கு மேல் எண்ணெய் கசிந்தது. இந்தோனேசியாவின் ரோட்டே தீவிலும் குப்பாங் கரையோரத்திலும் கயிற்றில் கட்டிக் கடற்பாசி வளர்த்தோரின் பயிர் அழிந்தது. சில வாரங்களில் அறுவடையாகும் பயிர் அது. அழிந்தபின் கரைந்துபோக அதிக நாட்கள் வேண்டியதில்லை. ஆனால், வழக்கு சிட்னியில் தாக்கலானது 2016இல்தான். தீர்ப்பு 2021இல் விவசாயிகளுக்குச் சாதகமாக வந்தது. 15,000க்கும் மேற்பட்டோர் சார்பில் 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம் காணப்பட்டது 2022இல்.

அவர்கள் சிட்னிக்குப் போனது பிழையென்று நான் சொல்லமாட்டேன். கம்பனியும் அதன் பணமும் இருந்தது அவுஸ்திரேலியாவில். காசில்லாத ஊரில் பெற்ற தீர்ப்பைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டத்தான் முடியும். ஆயினும் சாட்சிகளும் அயலவரும் கடலும் இருந்தது ரோட்டேயில்.

இந்த இழுபறி சட்டத்துக்குப் புதிதன்று. இந்தியாவின் 1908ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, வளரும் பயிரை அசையும் ஆதனத்தில் சேர்க்கின்றது. வேரூன்றி நிற்கும் நெல்லை அசையும் பொருள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் பெரிது. நிலத்துக்கு நேர்ந்த தீங்கெனில் பொதுவாக நிலமுள்ள இடத்திலேயே வழக்கிட வேண்டும். அசையும் ஆதனத்துக்கெனில், தீங்கு நேர்ந்த இடமா, பிரதிவாதி வசிக்கும் இடமா என்பதை வழக்காளியே தெரிவுசெய்யலாம் என்கிறது 19ஆம் பிரிவு. எமது கோவையின் 9ஆம் பிரிவும், பிரதிவாதி வசிக்குமிடத்தையும் வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தையும் ஏற்கின்றது.

தெரிவு விவசாயியின் கையில் இருக்கவேண்டும் என்பதே என் கட்சி. வழமையில் அது வயலருகே உள்ள நீதிமன்றமாகவே அமையும்; பயிர் நிற்கும்போதே ஆணையாளர் ஒருவரை அனுப்பி வரம்பில் நின்று பார்க்கச் செய்ய அந்த நீதிமன்றத்தால்தான் இலகுவில் முடியும்.

ஆனால், சட்டம் கொடுத்ததைப் பற்றுச்சீட்டு பறித்துவிடுகின்றது. "பிணக்குகள் யாவும் இன்ன நகர நீதிமன்றத்துக்கே உரியவை" என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை எத்தனை விவசாயிகள் வாசிக்கின்றனர்? அந்த நகருக்கு நியாயாதிக்கம் இருப்பின் அத்தகைய நிபந்தனை செல்லும் என்று இந்திய உயர் நீதிமன்றம் 1989இல் கூறிவிட்டது (தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்பர்). பயிர்ச்சேத வழக்குகளிலாவது இத்தகைய வாசகங்களைச் சட்டம் செல்லுபடியற்றதாக்க வேண்டும்.

இது நடக்காத காரியமன்று. பழுதான விதையால் நட்டமடைந்த விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று அதே நீதிமன்றம் 2012இல் தீர்த்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமோ, முறைப்பாட்டாளர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிட வழிசெய்திருக்கின்றது. விதை வாங்கியவருக்குக் கிடைத்த இந்த வசதி, அயல் தோட்டத்து மருந்து காற்றில் வந்து பயிர் கருகியவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவர் எவரிடமும் எதையும் வாங்கவில்லையே!