அறிந்தும் அஞ்சுவதேன்?

மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் காலை வண்டியை நம்மில் அறியாதார் யார்? 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு தருவது அவ்வண்டியே. வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று இவ்வூரிலிருந்து பெங்களூரின் கணினி நிலையங்களுக்குச் செல்கின்றனர். அவருள் பெண்மக்கள் பலர். அவர்களைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறேன்.

என் தமக்கை மகள் ஆறாண்டுகளாக மென்பொருள் எழுதும் பணியில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் குழுவினர் ஒரு வணிகருக்காகக் கணக்கு நிரல் ஒன்றை ஆக்கினர். நள்ளிரவு 12 மணிக்குப் பின் நடைபெறும் விற்பனையை அந்நிரல் முந்திய நாளின் கணக்கில் சேர்ப்பதை அவள் கண்டாள். கூட்டத்தில், “நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், எனக்கு நன்றாகத் தெரியாது, ஆயினும்...” என்று தொடங்கினாள். தலைவரோ, “அப்படியானால் பிறகு பார்ப்போம்” என்று அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார். மூன்று கிழமைகளில் வணிகரிடமிருந்து முறையீடு வந்தது. அப்போது உடன் பணியாற்றும் இளைஞன் ஒருவன் அதே பிழையை உரத்த குரலில் எடுத்துரைத்தான். பாராட்டு அவனைச் சேர்ந்தது.

அப்பிழை எனக்கு எளிதில் விளங்கிற்று. 15ஆம் தேதி 0 மணி 10 நிமிடத்துக்குப் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கியவர், 15ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு வந்து நிற்பார். வண்டியோ முந்திய இரவே போயிருக்கும். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இதைப் பலமுறை கண்டவன். எனக்கு விளங்காதது வேறொன்று.

“அம்மா, உனக்கு அதில் ஐயம் இருந்ததா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.”

“பின் ஏன் தெரியாது என்றாய்?”

“தெரியும் என்று சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்களே, மாமா.”

இஃது அவள் ஒருத்தியின் இயல்பன்று. அமெரிக்காவில் எர்லிங்கர், டன்னிங் என்னும் ஆய்வாளர் இருவர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவ மாணவியர்க்கு அறிவியல் வினாக்கள் தரப்பட்டன. இரு பாலாரும் ஏறக்குறைய ஒரே அளவில் விடையளித்தனர். ஆனால், தாம் எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்று கணிக்கச் சொன்னபோது பெண்கள் தம்மைக் குறைத்தே மதிப்பிட்டனர். அறிவியல் போட்டியில் சேர விருப்பமா என்று கேட்டதற்கு, ஆண்களில் நூற்றுக்கு 71 பேர் இசைந்தனர். பெண்களில் 49 பேரே இசைந்தனர். திறமையில் இல்லாத இடைவெளி துணிவில் இருந்தது.

இது பிறவிக் குணமோ எனின், அன்று. 1946இல் உலகுக்குக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் பெருங்கணினிக்கு நிரல் அமைத்தவர் ஆறு பெண்கள். பீரங்கிக் குண்டு செல்லும் பாதையை அவ்வியந்திரம் நொடிகளில் கணித்துக் காட்டியபோது வந்தோர் வியந்தனர். அந்நிரலை அமைத்த பெண்களின் பெயரை எவரும் எடுத்துரைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கடந்த பின்னரே உலகம் அவர்களை அறிந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்கள் நிலத்தடியில் பணி செய்வதைத் தடுத்தது. காப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. 2019இல் அத்தடை தளர்ந்தபோது நம் சுரங்கம் மூடி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவை அடைத்து வைத்தது சட்டம். அதை மறந்து, “சுரங்கத்துக்கேற்ற நெஞ்சுரம் பெண்ணுக்கு ஏது?” என்று பேசினால் அது நேர்மையாகுமா?

இன்று சட்டத் தடை இல்லை. வேறு தடை உண்டு. உலகெங்கும் உள்ளோர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் என்னும் தளத்தை ஆராய்ந்து, 2017இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெண்கள் அனுப்பிய திருத்தங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 ஏற்கப்பட்டன, ஆண்களுடையவற்றில் 75. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதியவராய் வந்தோரிடையே, அனுப்பியவர் பெண் என்று தெரிந்தவிடத்து அவர்தம் வெற்றி குறைந்தது. ஆண்களுக்கும் சரிவு இருந்தது, பெண்களுக்கே மிகுதி. ஆகவே என் மருமகளின் அச்சம் முற்றிலும் கற்பனையன்று. “துணிவாக இரு” என்று அவளுக்கு மட்டும் அறிவுரை கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது.

ஐயம் தீயதன்று. தம் நிரலில் பிழையிருக்குமோ என்று ஐயுறுவோரே அதை நன்கு சோதிப்பர். மிகை நம்பிக்கை கொண்டோர் விட்டுச் சென்ற பிழைகள் எத்தனை! எனவே நிரலை ஐயுறுக. சோதித்துத் தெளிந்தபின் தன்னை ஐயுற வேண்டா. “தவறாகவும் இருக்கலாம்” என்பதற்கு மாறாக, “மூன்று முறை ஓட்டினேன், இம்முடிவு வந்தது” என்று கூறுதல் செருக்காகாது. அது சான்று. கூட்டத்துக்கு முன்னரே அதை எழுதிக் கொடுத்தல் இன்னும் நன்று. தலைமை தாங்குவோரும், ஆளைப் பாராது சான்றைப் பார்த்தல் கடன்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதற் குற்றவாளி நானே. இவளும் இவள் தம்பியும் பள்ளியில் பயின்ற நாளில், இவளே மிகுந்த மதிப்பெண் பெறுவாள். “பெண் நன்றாக மனப்பாடம் செய்கிறாள், பையனுக்குத்தான் மூளை, படித்தால் எங்கோ போய்விடுவான்” என்று அவள் காதுபடவே பேசியவன் நான். அவள் கூட்டத்தில் சொன்ன “எனக்கு நன்றாகத் தெரியாது” என்ற சொல்லில் என் பங்கும் இருந்தது. அதை அவளிடமே ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்தாள்; மறுக்கவில்லை.

சென்ற திங்கள் வேறொரு குறையை அவள் சான்றுகளோடு எழுதிக் கொடுத்தாள். முன்னுரை ஏதும் கூறவில்லை. தலைவர் பாதியை ஏற்றார்; பாதியை மறுத்தார். ஆயினும் குறிப்பேட்டில் அது அவள் பெயரிலேயே பதிவாயிற்று.

அன்பர்களே, இன்றிரவு வண்டியிலிருந்து இறங்கி வரும் உங்கள் மகளிடம், “களைத்துவிட்டாயா?” என்று கேட்பதோடு நில்லாதீர். “இன்று என்ன கண்டுபிடித்தாய்?” என்றும் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேளுங்கள்.