நெற்றி விளக்கு சொல்லும் பாடம்

பேராக் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பால் வெட்டக் கிளம்பிய நம் முன்னோர், நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். அந்தச் சிறு விளக்கு காடு முழுவதையும் வெளிச்சமாக்கவில்லை. கத்தி பட்டையைத் தொடும் இடத்தில் ஒளி விழுந்தது, அது போதும்.

லயத்து வீட்டில் கதை வேறு. 1930இல் செண்டரோ அணையில் பிறந்த மின்சாரம் முக்கியமாகக் கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கே போனது. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரமே ஓடியது. கூடத்தின் நடுவில் ஒற்றை விளக்கு என்பது அன்று வசதியின்மை. ஈப்போ, சுங்கை சிப்பூட் தாமான் வீடுகளிலும் அதையே தொடர்வது வெறும் பழக்கம்.

தீபாவளிக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்குகிறோம். சாமி படத்துக்கு இணையாக உயரத்தில் மாட்டுகிறோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இமை அகலத் திறந்திருப்பதால் கண் சீக்கிரம் உலரும். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். பக்கச்சுவரில் மாட்டினால் பிரதிபலிப்பு குறையும். இரவில் எல்லா விளக்கையும் அணைக்காமல், திரைக்குப் பின்னால் மங்கலான விளக்கொன்றை எரியவிட்டால் கண் களைப்பு குறையும்.

ஆகவே, சுவரில் துளையிடும் முன்பே விளக்குகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து. 60 வயதில் கண் பாவை சுருங்கி, வில்லை மஞ்சளடைவதால், 20 வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எட்டுகிறது. கூடத்தில் பெரிய திரை மின்ன, பாட்டி சமையலறையில் தன் நிழலிலேயே காய் நறுக்குவது நியாயமா? இதற்குப் பெரிய செலவும் இல்லை. சிறு விளக்கொன்றை இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், விழும் ஒளி ஏறத்தாழ 16 மடங்காகும். அடுப்பு மேடைக்கு ஒன்று, பிள்ளை படிக்கும் மேசைக்கு ஒன்று, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒன்று எனச் சிறு எல்இடி விளக்குகள் போதும்.

பாதுகாப்பும் முக்கியம். பலகை வீடென்றால் வெறும் பலகையில் அல்ல, உள்ளிருக்கும் சட்டத்தில் திருகு ஏற வேண்டும். கல் சுவரென்றால் சிமெண்டுப் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் பிடிக்க வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். உள்ளே வயர் ஓடக்கூடும். புதிய மின் இணைப்புக்குச் சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவுபெற்ற வயர்மேனையே அழையுங்கள்.

அடுத்த முறை தொலைக்காட்சி வாங்கும்போது, அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை விளக்குகளுக்கு ஒதுக்குங்கள். வேலை எங்கேயோ அங்கே ஒளி வேண்டும் என்பது இருட்டில் பால் வெட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் முதுமையில் வாழும் வீட்டில் நாம் அதை மறக்கலாமா?