எல்லைத் தகராறும் நாற்காலிக் கணக்கும்

டாங்ரெக் மலைமுகட்டில் நிற்கும் பிரியா விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் கோயிலை ஒட்டிய நிலத்துக்காகவும், எல்லை நெடுக அளந்து முடிக்கப்படாத வேறு சில இடங்களுக்காகவும் தாய்லாந்தும் கம்போடியாவும் திரும்பத் திரும்ப மோதுகின்றன. மோதல் வெடித்த காலங்களைக் கவனித்தால், தகராறின் வேர் மலையில் இருக்க, அதற்கு நீர் ஊற்றுகிறவர்கள் தலைநகரங்களில் இருப்பது புரியும்.

2008-இல் கோயிலை உலக மரபுச் சின்னமாக்க கம்போடியா முயன்றபோது, தாய்லாந்தின் சமக் சுந்தரவேஜ் அரசு ஆதரவு தெரிவித்தது. அந்த அரசை வீழ்த்தக் காத்திருந்த மஞ்சள் சட்டை இயக்கத்தினர், தாய்மண் விற்கப்பட்டுவிட்டதாகத் தெருவில் இறங்கினர். வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். எல்லையில் படைகள் குவிந்தன. அதே ஜூலையில், தேசப்பற்று அலைக்கு நடுவே தேர்தலைச் சந்தித்த அப்போதைய கம்போடியப் பிரதமர் ஹுன் சென்னின் கட்சி 123 இடங்களில் 90-ஐக் கைப்பற்றியது.

2025-இலும் இதே கதைதான். எல்லையில் கம்போடிய வீரர் ஒருவர் கொல்லப்பட்ட பின், பதற்றத்தைத் தணிக்கத் தாய்லாந்துப் பிரதமர் பேடோங்டார்ன் ஷினவத்ரா, அப்போது கம்போடிய செனட் தலைவராக இருந்த ஹுன் சென்னுடன் தொலைபேசியில் பேசினார். அந்தப் பேச்சு கசிந்தது. முழு ஒலிப்பதிவையும் ஹுன் சென்னே வெளியிட்டார். அதைக் காரணம் காட்டி, பேடோங்டார்னின் கூட்டணியிலிருந்து பூம்ஜைதாய் கட்சி விலகியது. ஜூலையில் ஐந்து நாள் சண்டை. ஆகஸ்டில் அந்தத் தொலைபேசிப் பேச்சாலேயே பிரதமரின் பதவி பறிபோனது. செப்டம்பரில் பூம்ஜைதாய் தலைவர் அனுதின் பிரதமரானார். டிசம்பரில் மீண்டும் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தபோதே தாய்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுத் தேர்தலுக்கு வழி திறக்கப்பட்டது.

எல்லைச் சிக்கல் கற்பனையானதல்ல. பிரெஞ்சு ஆட்சிக்காலத்து வரைபடத்தை கம்போடியா ஆதாரமாகக் காட்டுகிறது. தாய்லாந்து அதை ஏற்க மறுக்கிறது. ஆனால் நூறாண்டுச் சிக்கல் அரசியல் நெருக்கடி முற்றும்போது மட்டும் உயிர் குடிப்பானேன்? எல்லையை அளந்து குறிக்க 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கூட்டு ஆணையம் இருக்கிறது. அதன் பொறுமையான வேலையால் யாருக்கும் வாக்கு விழாது; பீரங்கிச் சத்தத்தால் விழும்.

இதற்கு விலை கொடுப்பவர்கள் எளிய மக்கள். ஜூலைச் சண்டையில் மட்டும் இருதரப்பிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடினர். சிசாகெட் மாகாணத்தில் பெட்ரோல் நிலையக் கடை மீது விழுந்த ராக்கெட் குழந்தைகளையும் கொன்றது. தாய்லாந்தில் உழைத்துப் பிழைத்த கம்போடியத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வெறுங்கையுடன் ஊர் திரும்பினர்.

எல்லையைக் கூட்டு ஆணையமே அளக்கட்டும். ஒவ்வோர் அளவீடும் உடனுக்குடன் மக்கள் முன் வைக்கப்படட்டும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், சண்டை மூண்ட பிறகு சமரசம் பேச ஓடிவராமல், எல்லையில் நிரந்தரப் பார்வையாளர்களை நிறுத்த வேண்டும். ஆணையத்தால் தீராதவற்றுக்குச் சர்வதேச நீதிமன்றம் செல்ல தாய்லாந்து இசைய வேண்டும். தொலைபேசி உரையாடலை ஆயுதமாக்குவதை ஹுன் சென் கைவிட வேண்டும். இரு நாட்டு எதிர்க்கட்சிகளும், பேச்சுவார்த்தைக்குப் போகிறவரைத் துரோகி என்று தூற்றுவதை நிறுத்த வேண்டும். சமாதானம் பேசினால் பதவி போகும் என்ற அச்சம் நீடிக்கும்வரை எந்தப் போர்நிறுத்தமும் நிலைக்காது.