மருந்து வந்தது, பருப்பு எங்கே?

சங்கரன்கோவில் தறிக்கூடங்களில் இருமல் சத்தம் புதிதல்ல. "பஞ்சுத் தூசி, வேறொன்றுமில்லை" என்று சொல்லி, ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் தறிக்குப் போகிறான் தொழிலாளி. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுப்பது மெய்தான். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமல், காசநோயாகவும் இருக்கக்கூடும். அந்நோய் பற்றிய ஆராய்ச்சி நமக்குக் கொடுத்திருப்பது என்ன, நம் கைக்கு வந்து சேராதது என்ன என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டிய வேளை இது.

ஒரு காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியப் படுக்கை, நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்றார்கள். உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்றிருப்பவன் இதற்கு எங்கே போவான்? 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவிவிடவும் இல்லை. அன்று உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகள் உலகத்துக்குக் கற்பித்த பாடம் இது.

"அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையே" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இருக்கிறது விஷயம். நோய் கண்டவனை மருந்து குணமாக்கும். அவன் வீட்டில் அடுத்த நோயாளி உருவாகாமல் தடுப்பது எது?

இதற்கு விடை ஜார்க்கண்டிலிருந்து வந்தது. அங்கே நான்கு மாவட்டங்களில் 2019-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், நோயாளிகளோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேரைக் கவனித்தார்கள். சென்னை ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்கு கொண்டது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. 2023-ல் முடிவு வெளியாயிற்று: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது! அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

மருந்துத் துறையிலும் முன்னேற்றம் உண்டு. பழைய மருந்துக்கு மசியாத காசநோய்க்கு, பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஆறு மாதம் கொடுக்கும் முறைக்கு 2024-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது. முன்பு இந்த வைத்தியம் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் நீண்டது. இந்தப் பெடாகுவிலின் மீதிருந்த காப்புரிமையை மேலும் நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி விண்ணப்பித்தது. எதிர்த்து நின்றவர்கள் யார்? மும்பையின் நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலேயும்; காசநோய் மருந்தின் பக்கவிளைவால் செவிப்புலன் இழந்த இரு பெண்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. ஆராய்ச்சி மட்டும் போதாது, அதன் பலனுக்காகப் போராடவும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சரி, நம்மூர் நிலை என்ன? நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ஆக உயர்ந்தது, வரவேற்கிறோம். வீட்டாருக்கான உணவோ, தானம் செய்வோரின் நல்ல மனதை நம்பி விடப்பட்டிருக்கிறது. ஜார்க்கண்ட் கணக்குப்படி நால்வர் வீட்டுக்கு மாதம் 6 கிலோ பருப்பு வேண்டும். நமது ரேஷன் கடையில் அட்டைக்குக் கிடைப்பது ஒரு கிலோ! ஈ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கு நீண்ட கால நோய் உதவித்தொகை உண்டு. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கு அது கட்டாயமில்லை. தறி நின்றால் கூலி நிற்கும் தொழிலில், நோயை மறைக்காமல் வேறென்ன செய்வான் தொழிலாளி?

ஆகவே நாம் கோருகிறோம்: காசநோய் கண்ட குடும்பத்துக்கு ரேஷன் கடை வழியாகவே கூடுதல் பருப்பு வழங்கப்பட வேண்டும். வைத்தியம் முடியும்வரை வேலையைப் பறிக்கக் கூடாது, முன்பணத்தைக் கேட்டு நெருக்கக் கூடாது. சிறிய தறிக்கூடங்களுக்கும் ஈ.எஸ்.ஐ. வர வேண்டும்.

தோழர்கள் கோரிக்கை வைப்பதோடு நிற்கலாகாது. பக்கத்துத் தறியில் இருமுகிறவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அங்கே காசு கிடையாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதபடி கூட இருந்து கவனியுங்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, இந்தக் கோரிக்கைகளையும் அந்தத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.