நருட்டோவின் கன்னக் கோடுகள்

போன கிழமை கலைவிழாவுக்கு எங்கட வகுப்புப் பிள்ளை ஒருவன் நருட்டோ வேஷத்தில் வந்தான். கன்னத்துக்கு மூன்று கோடு, வீட்டில் போஸ்டர் கலரால் கீறியது. ஒரு மணித்தியாலத்துக்குள் சொறியத் தொடங்கிவிட்டான். கழுவிய பிறகும் கன்னம் சிவந்தே இருந்தது. உம்மாவைக் கேட்டால், "போத்தலில் நஞ்சில்லை என்றுதானே டீச்சர் போட்டிருக்கு" என்கிறார்.

அது கடதாசிக்குச் செய்த சாயம். தவறி வாயில் பட்டாலும் நஞ்சாகாது என்பதற்காக, தோலில் மணிக்கணக்காகக் காயவிடலாம் என்று அர்த்தமில்லை. கைவேலைக்கு வாங்கும் மினுக்கத்தூளும் அப்படித்தான். கண்ணுக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

முகத்துக்கென்றே விற்கும் ஃபேஸ் பெயின்ட் வாங்குங்கள். முதல்நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். உண்மையில் அந்த மூன்று கோட்டுக்கு ஐலைனர் பென்சிலே போதும்!

இனி கொஸ்பிளேயே வேண்டாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பிள்ளை, அந்த வேஷத்தில்தான் மேடையேறிப் பேசினான். அடுத்த விழாவுக்கு ஆளுக்கொரு பென்சில் கொடுத்து அனுப்புங்கள். ஒன்றையே வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டால் கண்நோய் தொற்றும்.