சீசன் முடிந்த பிறகும் இருக்கும் ஊர்

விடியற்காலை ஐந்தரை மணி. குற்றாலம் பேரருவிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்கரையில் நல்ல கூட்டம். அதற்கு நடுவே ஓர் அம்மா உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பியோடு நடந்து வந்தார். கம்பியின் முனையால் ஷாம்பு பாக்கெட்டுகளைக் குத்திக் குத்தி எடுத்தார். படிக்கட்டு இடுக்கில் ஒட்டிக் கிடந்தவற்றைக் குனிந்து நகத்தால் கீறி எடுத்தார். கம்பி நிறைந்ததும் சாக்குப் பையில் உருவிப் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனார்.

“எத்தனை மணிக்கு வந்தீங்கக்கா?” என்று கேட்டேன்.

“நாலு மணிக்கு வந்தேன் சார். ஒரு சுத்து முடிஞ்சுது. எட்டு மணிக்கு வந்து பாருங்க, நான் பெருக்குன தடமே தெரியாது.”

“சீசனுக்கு ஆள் கூட்டுவாங்கள்லா?”

“கூட்டுவாங்க. ஆனா ஜனம் அந்தக் கணக்குலயா வருது?”

சுற்றுலா வளர்ச்சி பற்றி எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். அந்த அம்மாவின் கேள்வி எதிலும் இல்லை. ஊருக்கு வருகிற கூட்டம் ஒரு கணக்கில் வருகிறது. அதைத் தாங்க வேண்டிய உள்ளாட்சிக்கு ஆளும் பணமும் வேறொரு கணக்கில் வருகின்றன. இந்த இரண்டும் பொருந்தாததுதான் நம்முடைய சுற்றுலா ஊர்களின் நோய் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழக அரசு 2023-ல் புதிய சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. முதலீட்டாளர்களுக்குச் சலுகைகளை அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கொள்கை சென்னையில் எழுதப்பட்டாலும் நடப்பது ஊரில். வண்டி நிறுத்த இடம், குடிதண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு, குப்பை, சாக்கடை. வெளியூர்க்காரர் ஒரு ஊரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ நினைப்பது இவற்றை வைத்துத்தான். இவை அனைத்தும் உள்ளாட்சியின் வேலை.

1992-ல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைக் கொண்டுவந்தது. நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 18 வேலைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. திடக்கழிவு உண்டு, பூங்கா உண்டு, வாகன நிறுத்துமிடம் உண்டு, பொதுக் கழிப்பிடம் உண்டு. சுற்றுலா என்ற சொல் இல்லை. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையில் இருக்கும் 29 வேலைகளிலும் அந்தச் சொல் இல்லை. சுற்றுலாவின் சுமை முழுவதும் உள்ளாட்சியின் தலையில் இருக்கிறது. சுற்றுலாவைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் உள்ளாட்சிக்கு நாற்காலி இல்லை.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரருக்கு அது ஒரே ஊர். உள்ளே வந்து பார்த்தால் எத்தனை எல்லைகள்! பேரருவியும் ஐந்தருவியும் பேரூராட்சியின் கவனிப்பில் இருக்கின்றன. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லையில் இருக்கிறது. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறையின் காட்டுக்குள் இருக்கின்றன. பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையிடம். குற்றாலநாதர் கோயிலும் அதன் இடங்களும் அறநிலையத் துறையிடம். சாலைக்கு ஒரு துறை, ஆற்றுக்கு ஒரு துறை, கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவல் துறை. சாரல் விழா நடத்தச் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் வருகின்றன. தண்ணீர் மட்டும் எந்த எல்லையும் பார்க்காமல் மேலிருந்து கீழே வருகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பதினேழு வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அருவியின் குணம் தெரியும். கீழே வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். தண்ணீர் நிறம் மாறினாலே பெரியவர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிற பையனுக்கு அது எப்படித் தெரியும்? மழை பெய்வது வனத்துறையின் காட்டில். குளிப்பவர் நிற்பது ஊராட்சியின் எல்லையில். தடுத்து நிறுத்த வேண்டியது காவல் துறை. இந்த மூன்று பேருக்கும் நடுவே ஒரு தகவல் ஓட எத்தனை நிமிடம் ஆகிறதோ, அந்த நிமிடங்களில்தான் ஓர் உயிர் இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சி என்றால் முதலில் அந்த நிமிடங்களைக் குறைப்பதுதான். அதன் பிறகுதான் செல்ஃபி எடுக்கும் மேடையும் வண்ண விளக்கும்.

அடுத்தது பணம். மாநில அரசு தன் வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிக்கு அந்த ஊரின் மக்கள்தொகைதான் முக்கியமான அளவுகோல். அங்கேயே குடியிருப்பவர்களைத்தான் அது எண்ணுகிறது. வந்து போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. சில ஆயிரம் பேர் வாழும் பேரூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போலப் பல மடங்கு பேர் வந்து இறங்கினாலும் ஏட்டில் அந்தச் சில ஆயிரம்தான். விடுதி அறைக்கு நாம் கட்டும் ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. பேரூராட்சிக்கு நேராக வருவது சொத்து வரி, தொழில் வரி, கடை ஏலம், வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவைதான். சீசன் பொய்த்தால் ஏலமும் பொய்க்கும்.

ஜப்பானில் கியோட்டோ மாநகராட்சி 2018 அக்டோபரிலிருந்து விடுதியில் தங்குபவரிடம் ஆளுக்கு, இரவுக்கு 200 யென்னில் தொடங்கி 1,000 யென் வரை வசூலிக்கத் தொடங்கியது. அந்தப் பணம் நகரத்துக்கே போனது. வருகிறவர் ஊருக்கு உண்டாக்கும் செலவில் ஒரு பங்கை வருகிறவரே தருவது நியாயம்தான். நம் ஊரில் பயணி அறைக்கு ஜி.எஸ்.டி. கட்டுகிறார், குப்பை அள்ளும் பேரூராட்சிக்கு மட்டும் அதில் நேரான பங்கு கிடையாது.

மூன்றாவது, கேள்வி கேட்க ஆள். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை. ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம், குற்றாலம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் எல்லா ஊர்களும் அந்தக் காலத்தை அதிகாரிகளின் கையில்தான் கழித்தன. அதிகாரிகளில் நல்லவர்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாற்றல் உத்தரவு வந்தால் அவர் போய்விடுவார். சீசன் முடிந்தால் பயணியும் போய்விடுவார். ஊர்க்காரர் மட்டும்தான் அங்கேயே இருக்கப் போகிறவர். திட்டம் போடும்போது அவருடைய குரல் இல்லை என்றால் அது யாருக்கான திட்டம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். என் அம்மாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். பேருந்து நிலையத்தின் பக்கத்தில் புத்தம் புதிய கழிப்பறை, வாசலில் பளபளக்கும் கல்வெட்டு, கதவில் பூட்டு. ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “கட்டியது மட்டும்தான் நாங்கள், ஒப்படைத்துவிட்டோம்” என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், “இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை” என்றார்கள். கடைசியில் ஒரு டீக்கடைக்கார அம்மா, “வாங்கம்மா” என்று தன் வீட்டுக்குள் அழைத்துப் போனார். கட்டுவதற்கு நிதி இருந்தது. தண்ணீர் விடவும் கழுவவும் பூட்டைத் திறக்கவும் நிதி இல்லை. அம்மா வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த கூச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வேறு வழி இல்லையா? பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தின் குமரகம், வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய ஒரு கிராமப் பஞ்சாயத்து. காயல் கரையில் ஆடம்பர விடுதிகள் வந்தபோது ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். 2008-ல் கேரள அரசு ‘பொறுப்புச் சுற்றுலா’வை குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்கியது. குமரகத்தில் பஞ்சாயத்து முன்னால் நின்றது. தரிசாகக் கிடந்த நிலத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் காய்கறி போட்டார்கள். அதை விடுதிகள் வாங்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். விலையைக் கூடி உட்கார்ந்து நிர்ணயித்தார்கள். கயிறு திரிப்பவர், பாய் முடைபவர், மீன் பிடிப்பவர் வீடுகளுக்குப் பயணிகளை அழைத்துப் போனார்கள். அந்த வீட்டுக்கும் அதில் காசு. இந்த வேலைக்காக ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு கேரளச் சுற்றுலாத் துறைக்கு யுலிசிஸ் விருது கொடுத்தது. அங்கேயும் படகுவீடுகளின் கழிவு போன்ற சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் விடுதியின் சமையலறைக்குப் போகும் வெண்டைக்காயில் ஊருக்குப் பங்கு உண்டு என்பதை அந்தப் பஞ்சாயத்து நிலைநாட்டியது.

அதோடு கேரளம் நிற்கவில்லை. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் ஒரு சுற்றுலா இடத்தையாவது உருவாக்க வேண்டும் என்று 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். செலவில் 60 விழுக்காட்டை, 50 லட்சம் ரூபாய் வரை, சுற்றுலாத் துறை தரும். மீதியை உள்ளாட்சி போட வேண்டும். தன் கைக்காசு போட்டு உண்டாக்கிய இடத்தைப் பூட்டிப் போட எந்தப் பஞ்சாயத்துக்கும் மனம் வராது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை வண்டிதான் போகலாம் என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் நீதிமன்றமே எண்ணிக்கை சொன்னது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை ஐ.ஐ.டி.க்கும் ஐ.ஐ.எம்.முக்கும் போனது. நீதிமன்றத்தின் அக்கறைக்கு நன்றி சொல்வோம். ஆனால் தன் ஊரில் எத்தனை வண்டி நிற்க இடம் இருக்கிறது, எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, எத்தனை டன் குப்பையை அள்ள முடியும் என்பதை முதலில் சொல்ல வேண்டியது அந்த நகராட்சி. சொல்லும் அதிகாரமும் சொன்னால் கேட்கும் காதும் இருந்திருந்தால், விஷயம் நீதிமன்றப் படியேறியிருக்காது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, சுற்றுலா ஊர்களுக்கு நிதி ஒதுக்கும்போது குடியிருப்பவரோடு வருகிறவரையும் எண்ணுங்கள். தூய்மைப் பணியாளர் எண்ணிக்கையையும் அதே கணக்கில் கூட்டுங்கள். இரண்டு, விடுதி அறையிலிருந்து வரும் வரியில் ஒரு பங்கை அந்த ஊர் உள்ளாட்சிக்கே சட்டப்படி கொடுங்கள். அது எங்கே செலவானது என்பதைப் பேருந்து நிலையத்தில் பலகை வைத்து எழுதுங்கள். மூன்று, குற்றாலம் போன்ற இடங்களில் எல்லாத் துறைகளும் சேர்ந்து உட்காரும் ஒரே நிரந்தரக் குழு வேண்டும். அதில் பேரூராட்சித் தலைவரும் ஊராட்சித் தலைவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். சீசன் தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் அந்தக் குழு ஊர் மக்கள் முன் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 15 கிராம சபை சீசன் நடுவில்தான் வருகிறது. கடை வியாபாரத்தை ஒரு மணி நேரம் மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். வாகன நிறுத்த ஏலம் எவ்வளவுக்குப் போனது, அதில் எவ்வளவு கழிப்பறைக்குச் செலவானது என்று கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் பதில் சொல்லும் பழக்கம் வரும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களே, வாருங்கள். உங்களால்தான் சிப்ஸ் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் மங்குஸ்தான் விற்கும் ஆச்சிக்கும் வருஷம் ஓடுகிறது. வரும்போது சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கொண்டுவராதீர்கள். அருவியில் அவற்றைப் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே தடை விதித்திருக்கிறது. வண்டி நிறுத்தக் காசு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். போலீஸ்காரர் விசில் அடித்தால் உடனே கரையேறுங்கள்.

உங்கள் தலையில் விழுந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, வீரகேரளம்புதூர் வழியாக வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழியெல்லாம் ஊர்கள் இருக்கின்றன.